பீரோவைத் தூக்கியது யார்

நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி ஒன்றில் எஸ்தர் என்றொரு டாக்டர் இருந்தார். காசநோயோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். அவரிடம் படிக்க வந்தவர் நயினார். வயது நாற்பதுக்கு மேல். தாலுகா ஆஸ்பத்திரியில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். தொல்லையே அதுதான்.

நயினாரின் நோயாளி கோமதி, பீடி சுற்றும் பெண். நான்கு மருந்து தின்றும் காய்ச்சல் நிற்கவில்லை. நயினார் ஐந்தாவதாக ஓர் ஊசியைச் சேர்த்தார். காய்ச்சல் விட்டது. சோறு இறங்கியது. புருஷன் பிச்சையா வார்டு முழுக்க அல்வா கொடுத்தான்.

பிறகு மறுபடியும் காய்ச்சல். சளியில் மறுபடியும் கிருமி. ஊசி போட்டும் பலனில்லை.

பிச்சையா வராந்தாவில் நின்று கத்தினான். "அல்வா மட்டும் இனிச்சுதுல்லா? இப்ப பதில் சொல்லுங்க!"

நயினார் ஆசிரியையின் அறைக்கு ஓடினார்.

"மேடம், புது மாத்திரை ஒண்ணு வந்திருக்கு. இன்னிக்கே சேர்த்துடுறேன். நீங்க சரின்னா போதும்."

"எதோட சேர்ப்பே?"

"இப்ப போற அஞ்சோட."

"கூடாது."

"செத்துப் போயிடுவா மேடம்!"

எஸ்தர் எழுந்தார். ஊழியர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, காதோடு ஏதோ சொன்னார். மூலையில் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினார்.

"நயினார், நீயும் பிடி. வெளியே வைக்கணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

ஐந்து பேரும் பிடித்தார்கள். நயினார் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். பீரோ அசையவில்லை. இன்னொரு தடவை தூக்கினார். இடுப்பில் சுளீரென்றது. தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊழியர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"அஞ்சு பேர் பிடிச்சோமே..."

"அவங்க சும்மா கை வச்சாங்க. தூக்கினது நீ ஒருத்தன்."

நயினாருக்குக் கோபம் வந்தது. "இது விளையாடுற நேரமா மேடம்?"

"கோமதிக்குக் குடுத்த நாலு மருந்தும் இந்த நாலு பேர் மாதிரிதான். கிருமிக்குப் பழகிப் போச்சு. பழகிப் போச்சான்னு நீ பார்க்கலை. ஊசியைச் சேர்த்தேன்னு சொன்னே. சேர்க்கலை, தனியா அனுப்பினே. இப்ப அதுவும் பழகிடுச்சு. அடுத்தது மாத்திரையா?"

நயினார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப என்னதான் செய்யிறது?"

"எந்தெந்த மருந்துக்குக் கிருமி இன்னும் சாகும்னு ஆய்வகம் சொல்லட்டும். அந்த மருந்து எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆரம்பிப்போம்."

"அதுவரைக்கும் அவ தாங்குவாளா?"

"தெரியாது."

"அவ புருஷன்கிட்ட என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லு."

"அடிப்பான்."

"அடிக்கலாம்."

வார்டில் கோமதி இரும ஆரம்பித்தாள். நிற்கிற இருமலாக இல்லை. நயினாரின் கை சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டைக்குப் போனது.

"மருந்தைக் கையில வச்சுக்கிட்டு எப்படி மேடம் பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

"அவ பக்கத்துல போய் உட்காரு. உன் கை நடுங்கும். போன தடவை நீ ஊசி போட்டது அவ நோய்க்கு இல்லை, அந்த நடுக்கத்துக்குத்தான்."