சாமி கழுத்துச் சந்தனம்

மடத்துச் சாமிக்குத் தொண்டையில் புற்றுநோய். முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு கொடுக்கணும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வந்தவர் சீடர் தாண்டவமூர்த்தி. சாமியைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். மடத்துப் பூசையெல்லாம் அவர் கைதான்.

இருபதாம் நாள் சாமியின் கழுத்து கன்றிச் சிவந்து, எரிச்சல் தாளாமல் தவித்தார்.

"நாங்க கொடுக்காத எதையும் பூசிடாதீங்க" என்று நர்ஸ் செபஸ்தியம்மாள் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்கிற காதா அது! பெருமானுக்கே குளிர்ச்சி தருகிற சந்தனம் சாமிக்கு ஆகாதா என்று நினைத்துவிட்டார் தாண்டவமூர்த்தி. சாமி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, வழுவழுவென்று அரைத்து அப்பினார். காய்ந்ததும், சிலையில் பழைய சந்தனத்தைக் களைகிற மாதிரியே ஈரத்துண்டால் அழுத்தித் தேய்த்து எடுத்தார். தோலும் கூடவே வந்துவிட்டது. பாவம் சாமி, கத்தக்கூடக் குரல் எழும்பவில்லை.

மறுநாள் செபஸ்தியம்மாள் பொரிந்து தள்ளினாள்.

"யாரு பார்த்த வேலை இது? புண் ஆறுற வரைக்கும் கதிர் கிடையாது. நடுவுல நின்னா நோய்க்குத்தானே கொண்டாட்டம்!"

பிறகு, மருந்துத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, களிம்பு தடவிக் காட்டினாள். தாண்டவமூர்த்தி தலை நிமிரவே இல்லை.

சாயங்காலம் துணிப்பையோடு வந்து நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" சாமியின் குரல் கரகரத்தது.

"மக வீட்டுக்கு. களிம்பு போடுற விதத்தை சமையல்காரர்கிட்ட சொல்லிட்டேன். இனி அவர் பார்த்துப்பார்."

"ம்."

"அன்பாத்தானே சாமி பூசினேன்? ஏன் இப்படி ஆச்சு?" கேட்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சாமி பஞ்சுக் கிண்ணத்தையும் களிம்பையும் அவர் பக்கம் நகர்த்தினார். மேல்துண்டை விலக்கி, முகவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினார்.

"வேண்டாம் சாமி. பாருங்க, கை நடுங்குது."

"நேத்து நடுங்கலை" என்றார் சாமி. "இன்னிக்கு நடுங்குது. பூசுங்க."