கரடியார் புதைத்த கம்பி

மூங்கில் காட்டின் தலைவர் கரடியார் மொந்தையன். அருவியில் சக்கரம் வைத்து, மரத்துக்கு மரம் மின்கம்பி இழுத்து, காட்டில் விளக்கு எரியவைத்தவர் அவர்தான். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைத் தானே சொல்லிக்கொள்வார்.

கோடை வந்தது. காற்றில் கம்பிகள் உரசி, காய்ந்த புல்மேட்டில் பொறி விழுந்தது. அங்கே மூன்று குட்டிகளோடு குடியிருந்த துள்ளி என்ற முயல் பதறி ஓடிவந்தாள்.

"தலைவரே, பொறியைக் காலால் மிதித்து அணைத்தேன்! கம்பியை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்! இல்லாவிட்டால் என் குட்டிகள் வெந்துபோகும்!"

மண் தோண்டும் எறும்புதின்னியான அழுங்கு செதிலனைக் கூப்பிட்டார்கள். அவன் மேட்டை நடந்து பார்த்தான்.

"காடு முழுக்கப் புதைக்க வேண்டாம். புல்மேட்டில் மட்டும் போதும். கூலி பத்துப் பானைத் தேன்!"

"பத்தா!" கரடியாருக்குத் தலை சுற்றியது. ஊர்ப் பொதுத்தேன் பதினோரு பானை அவர் குகையில் இருந்தது. நாளாக நாளாக அதைத் தன் தேன் என்றே நினைக்கப் பழகியிருந்தார்.

"ஒரு பானைக்கு எவ்வளவு தோண்டுவாய்?"

"உங்கள் குகை வாசலிலிருந்து ஓடைவரை. ஆனால் அங்கே ஈரமண், தீயே பிடிக்காதே!"

"அதனால் என்ன? வேலை நடப்பது நாலு பேர் கண்ணில் படவேண்டும்!"

புதைத்த அன்று திறப்பு விழா நடந்தது. கரடியார் அந்த மண்மேல் குதித்துக் காட்டினார். "பார்த்தாயா துள்ளி, ஒரு பொறி வருகிறதா?"

மூன்றாம் நாள் பெருங்காற்று அடித்தது. புல்மேடு பற்றிக்கொண்டது. துள்ளி இரண்டு குட்டிகளைத் தூக்கி வந்துவிட்டாள். மூன்றாவதைக் கரடியாரே புகைக்குள் பாய்ந்து கவ்விவந்தார். அதற்குள் தீ பின்பக்க மூங்கில் வழியாகக் குகைக்குள் புகுந்து, மிச்சமிருந்த பத்துப் பானையையும் வெடிக்கவைத்தது.

கரிந்த பின்புறத்தை ஓடையில் நனைத்தபடி கரடியார் சிரித்தார். "பத்துப் பானை மிச்சம் பிடித்த மகாமேதை நான்தான்! தீ மேட்டில் இருக்க, ஈரத்தில் கம்பி புதைத்த மண்டு வேறு எந்தக் காட்டிலாவது உண்டா, செதிலா?"

செதிலன் சிரித்தான். துள்ளி சிரிக்கவில்லை.

"கடைக்குட்டியின் காது கருகிவிட்டது, தலைவரே."

கரடியார் ஓடையிலிருந்து எழுந்தார். அவமானம் சூட்டைவிட அதிகமாகச் சுட்டது. மறுநாள் விடியும்போது அவரே புல்மேட்டில் நகம் தேயத் தோண்டிக்கொண்டிருந்தார். செதிலன் கூலி கேட்காமல் கூட நின்றான்.

ஆபத்து இருக்கும் இடத்தில் செலவழிக்க மனமில்லாமல் தன் வாசலை மட்டும் அழகுபார்ப்பவன், மிச்சம் பிடித்ததையும் இழந்து, பிறர் பிள்ளையின் காயத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.