இருபத்தொன்பதாம் நாள் வயிற்றுவலி

துப்தென் பிட்சுவுக்கு எழுபத்தாறு வயது. அவருடைய குரு ரிக்ஸின் ரின்போச்சேக்கு முப்பத்தைந்துதான். பழைய குருவின் மறுபிறவி என்று ஏற்கப்பட்டவர் சின்ன வயதிலேயே ரின்போச்சே ஆகிவிடுவார்; திபெத்திய மடங்களில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. குரு பிறந்தது கர்நாடகத்தில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கிற அகதிக் குடியிருப்பில்; மடம் இருப்பதும் அங்கேதான். சீடர் பிறந்தது பனிமலைக்கு அந்தப் பக்கம்.

எந்தப் பண்டிகை வந்தாலும் துப்தென்தான் முதல் ஆள். திபெத்திய வருஷத்தின் முதல் மாதத்துப் பௌர்ணமிக்கு வெண்ணெயில் பூச் செய்வார்கள். இந்த ஊர் வெயிலில் அது உருகி முழங்கை வரை வழியும். அவர் விரலைக் குளிர்ந்த நீரில் முக்கி முக்கி மறுபடியும் இதழ் பிடிப்பார். நாலாம் மாதம், புத்தருடைய மாதம், விளக்குகளைத் துடைக்க வேறு ஆளை விடமாட்டார். ஒன்பதாம் மாதம் சுவருக்கு வெள்ளையடிக்க ஏணியில் ஏறிவிடுவார். இறங்கச் சொன்னால் கோபம் வரும். "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்தார் என்றால் கேட்பவர்களின் சாப்பாடு ஆறிப்போகும்.

ஆனால் வருஷக் கடைசியில், பன்னிரண்டாம் மாதம் இருபத்தொன்பதாம் நாள் மட்டும் அவருக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும்.

அன்றைக்கு ஒன்பது சாமான் போட்டு சூப் காய்ச்சுவார்கள். ஆளுக்கொரு மாவு உருண்டையை எடுத்து, வலிக்கிற இடத்திலெல்லாம் ஒற்றி, ஒரு மாவுப் பொம்மையின் காலடியில் வைப்பார்கள். அந்த வருஷத்துப் பீடை எல்லாம் அதில் இறங்கிவிடும். பொழுது சாயும்போது ஒருவர் பொம்மையை நாற்சந்தியில் வைத்துவிட்டு வரவேண்டும். வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பீடை கூடவே மடத்துக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் பொம்மையைத் துப்தென் கொண்டுபோகட்டும் என்று ரின்போச்சே சொல்லி அனுப்பினார். துப்தென் கம்பளியை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார்.

ரின்போச்சே சூப் கிண்ணத்தோடு அவரே வந்தார்.

"வயிறு எப்படி இருக்கு?"

"வலிக்குது, ரின்போச்சே."

"எத்தனை வருஷமா?"

துப்தென் கம்பளியை விலக்கினார். பொய் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

"அறுபது வருஷமா."

ரின்போச்சே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். துப்தென் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்ப எனக்குப் பதினாறு வயசு. இதே நாள். காலையில அக்கா யாங்சென் சமையலறைச் சுவர்ல மங்கலத்துக்கு மாவால புள்ளி வெச்சா. சாயங்காலம் நான் பொம்மையைத் தூக்கிட்டுப் போனேன், அவ கூட வந்தா. நாற்சந்திக்கு அந்தப் பக்கம், மலை தாண்டிக் கூட்டிட்டுப் போற ஆளுங்க காத்திட்டிருந்தாங்க. நான் இந்தியாவுக்குத் தப்பிப் போறது அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்புறம்?"

"பொம்மையை வெச்சேன். 'நட. திரும்பிப் பார்க்காதே, பீடை ஒட்டிக்கும்'னு சொன்னா. நடந்தேன். பின்னால மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டது. அப்பவும் திரும்பலை. மூணு வருஷம் கழிச்சு, அவ இல்லைன்னு சேதி வந்தது."

சூப் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப அவ முகம் எனக்கு ஞாபகம் இல்லை, ரின்போச்சே. மாவு ஒட்டின கை மட்டும் தெரியுது. அவ பொம்மைக்காகச் சொன்னாளா, நான் நின்னுடக் கூடாதுன்னு சொன்னாளா?"

ரின்போச்சே கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். "எழுந்திருங்க, பொழுது சாயுது" என்றார்.

இருவரும் நடந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் தட்டைகள் நின்றன. நாற்சந்தியில் டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். மைசூர் பஸ் ஒன்று புழுதி கிளப்பிவிட்டுப் போனது. துப்தென் பொம்மையைச் சாலை ஓரத்தில் வைத்தார். பொம்மை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நான் இங்க பொம்மை பக்கத்துல நிக்கறேன். நீங்க மடத்தைப் பார்த்து நடங்க" என்றார் ரின்போச்சே.

துப்தென் நடந்தார். பத்தடி போனதும் கால் நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. அந்த வயதில் நடுரோட்டில் நின்று அழுவது அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

"ரின்போச்சே."

"சொல்லுங்க."

"ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கட்டுமா? மடத்துல நாப்பது பேர் இருக்காங்க. பீடை கூடவே வந்துடுமே."

"பாருங்க, துப்தென். வர்றது வரட்டும். மடத்துல இடம் இருக்கு."