மயில் வாத்தியார் போட்ட ‘ள’

ஆலங்காட்டு ஏரிக்கரையில் ஒரு மயில் பள்ளிக்கூடம் நடத்தியது. தோகையால் ஈரமணலை ஓர் இழுப்பு இழுக்கும். கரும்பலகை தயார்! பிறகு அலகால் சுழித்துச் சுழித்து எழுதும். கை இல்லாவிட்டாலும் அதைக் கையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்க வந்த யானைகூடக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அத்தனை அழகு!

பிள்ளைகளுக்கு ஒரே வேலைதான். வாத்தியார் எழுதியதை அப்படியே நூறு தடவை பார்த்து எழுத வேண்டும்.

முள்ளம்பன்றிக் குட்டி சிலும்பிக்கு அது சலித்துவிட்டது. ஒரு நாள் உதிர்ந்த தன் முள்ளை எடுத்து, ‘நேற்று இடி இடித்தது. எனக்குப் பயமாக இருந்தது’ என்று கோணல்மாணலாக எழுதினாள்.

“நான் எழுதச் சொன்னது ‘மயில் அழகு’. இது என்ன?” என்றது மயில்.

“நேத்து நடந்ததுங்க ஐயா!”

“உன் பயத்தை யாரு கேட்டா? எழுத்தைப் பாரு! காலு நொண்டுது, கொம்பு கோணிக்கிட்டு நிக்குது!”

மயில் தோகையால் அதை அழித்தது. வகுப்பே சிரித்தது. சிலும்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம், முயல்கள் ஏரிக்கு வரும் பாதையில் ஒரு வேடன் வலை விரித்தான். மேலே சருகு தூவினான். வில்லோடு புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். மயிலும் சிலும்பியும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

“கத்தட்டுமா ஐயா?”

“உஷ்! கத்தினா அம்பு நம்ம மேல பாயும். எழுதி வைப்போம். நம்ம வகுப்பு முயல்குட்டி பஞ்சு படிச்சிடுவான்!”

வேடன் கண்ணில் படாமல், வலைக்கு முன்னால் இருந்த மண்ணில் மயில் எழுதத் தொடங்கியது. அந்த அவசரத்திலும் அதற்கு அழகுதான் பெரிதாகப் பட்டது. ‘ல’ சப்பென்று தோன்றியது. ‘ள’ போட்டால் எடுப்பாக இருக்கும்! ‘இங்கே வளை’ என்று எழுதிவிட்டுப் புல்லுக்குள் பதுங்கியது.

முப்பது முயல்கள் வந்தன. முன்னால் பஞ்சுவும் அவன் அம்மாவும்.

“அம்மா! ‘இங்கே வளை’ன்னு வாத்தியார் எழுதியிருக்காரு!”

“வளையா! இந்த வெயிலுக்கு நல்லதாப் போச்சு. எல்லாரும் வாங்க, உள்ள போய்ப் படுக்கலாம்!”

முயலுக்கு வளை என்றால் வீடு. சிலும்பி காத்திருக்கவில்லை. புல்லோடு புல்லாக ஊர்ந்து வந்து, முயல்களின் காலடியில் முள்ளால் கிறுக்கினாள்: ‘வலை! ஓடு!’

பஞ்சு வாய்க்குள் படித்தான். அவன் காதுகள் இரண்டும் விறைத்தன. அம்மாவின் காதில் கிசுகிசுத்தான். அம்மா அடுத்த முயலின் காதில் சொன்னாள். முப்பது முயல்களும் சத்தமே இல்லாமல் திரும்பி ஓடின. வேடன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான்.

பிறகு காடே அந்த எழுத்தைச் சுற்றி நின்றது. யாரும் அதை மிதிக்கவில்லை. முயலம்மா குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

“இவ வாயே தொறக்கலையே! அப்புறம் எப்படி இவ மனசுல இருந்தது என் மகனுக்குக் கேட்டுச்சு?”

“நாலே எழுத்து! முப்பது உசுரைத் திருப்பி அனுப்பிடுச்சே!” என்று யானை மலைத்துப்போனது.

மயில் தலை குனிந்தது. “அழகா இருக்குமேன்னு ‘ள’ போட்டேன் சிலும்பி. எல்லாரையும் நானே வலைக்குள்ள அனுப்பப் பார்த்தேன்.”

மறுநாள் வாத்தியார் மணலில் எதுவும் எழுதவில்லை. “உங்களுக்கு யாருகிட்ட என்ன சொல்லணும்? அதை எழுதுங்க!” என்றது.

பஞ்சு வெகுநேரம் யோசித்து எழுதினான்: ‘அம்மா, நேற்று நீ என்னை முன்னால் ஓட விட்டுப் பின்னால் வந்தாய். நான் பார்த்தேன்.’

மயில் அதை இரண்டு தடவை படித்தது. அதற்குக் கண் கலங்கியது. எந்த எழுத்தையும் திருத்தாமல் நேரே போய் முயலம்மாவை அழைத்து வந்தது.

பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத் தருகிறவர்கள், எழுத்தின் அழகைப் பார்க்கும் முன் அது யாரிடம் எதைச் சொல்ல வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.