நீல டிரம்மில் எழுதியிருந்தது

மலைச்சரிவுக் காட்டில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. அதன் தலைவன் உருமன் என்ற முரட்டுக் கடுவன். காட்டை ஒட்டிய சாலையில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் குரங்குகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். இங்கிலீஷ்தான் பிடிபடவில்லை.

அதனால்தான் செம்பி என்ற மந்திக்கு அத்தனை பெருமை! அதன் மகன் துடியன் இங்கிலீஷ் படித்தது!

நிறுத்தத்தின் பின்னால் வனக்காவலர்கள் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் வைப்பார்கள். அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும்.

"துடியா, உருமன் மாமாவுக்குப் படிச்சுக் காட்டுடா!" என்று செம்பி சொல்லும்.

"வாட்டர்!"

"அப்படின்னா?"

"தண்ணி!"

கூட்டம் முழுக்கக் கைதட்டும். உண்மையில் துடியன் ஓர் எழுத்தையும் உற்றுப் பார்த்ததில்லை. பிள்ளைகள் சொல்லக் கேட்டபடி, நீல நிறமும் வெள்ளைக் கீறலும் கண்ணில் பட்டால் 'வாட்டர்' என்று கத்த வேண்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வாகை என்ற மந்தியின் மகள் மெல்லிக்கும் அதே வயது. மெல்லிக்கு வேறு ஒன்றின் மேல் கண். நிறுத்தத்தின் பலகையில் மேலே தமிழிலும் கீழே இங்கிலீஷிலும் 'பொன்மேடு' என்று ஊர்ப்பெயர் இருந்தது. பிள்ளைகள் அதைச் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படிக்க, அதைக் கேட்டே மெல்லி தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டது.

'ரெண்டும் ஒரே பேர்தானே? அப்போ கீழே முதல் எழுத்து ப். அடுத்த வட்டம் ஒ' என்று மெல்லி எண்ணிக்கொண்டது. கடைசி எழுத்து அசல் தமிழ் 'ப' மாதிரியே இருந்தது. நாலு நாள் குழம்பிய பிறகுதான் அது 'உ' என்று விளங்கியது. சாலையில் கொஞ்சம் தள்ளி 'இலுப்பைக்காடு' என்று இன்னொரு பலகை. அங்கே 'இ' கிடைத்தது.

இதைப் பார்த்து வாகைக்கு எரிச்சல். "துடியனைப் பாருடி! பார்த்ததும் பட்டுன்னு சொல்றான். நீ ப்... ஒ...ன்னு திக்கிக்கிட்டு நிக்கிற. என் மானமே போகுது!"

மற்றக் குட்டிகள் "ப்... ஒ..." என்று சொல்லிக் காட்டிச் சிரித்தன. அதற்குப் பிறகு மெல்லி யாரும் இல்லாதபோதுதான் பலகைப் பக்கம் போனது.

அந்த வருஷம் கடுங்கோடை. ஓடை வற்றியது. டிரம்மில் தண்ணீர் ஊற்றவும் ஆள் வரவில்லை. இரண்டு நாள் நாக்கு வறண்டு கிடந்த கூட்டம், மேட்டைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கியது.

அங்கே ஒரு கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீல டிரம்! வெள்ளை எழுத்து! மூடி திறந்து கிடந்தது. உள்ளே விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"துடியா, படிடா!" என்றது உருமன்.

"வாட்டர்!"

"நில்லுங்க!" மெல்லி முன்னால் ஓடியது. "பஸ் நிறுத்தத்து டிரம்முல முதல் எழுத்து வேற. இது 'ப்'ல ஆரம்பிக்குது. ப்... ஒ... இ... பொய்! பொய்னு எழுதியிருக்கு!"

"பொய்யா?" உருமன் விழுந்து விழுந்து சிரித்தது. "பொய்னு எவனாவது டிரம்முல எழுதி வைப்பானா?"

"அதுக்கு அப்புறம் பாம்பு மாதிரி ஒரு எழுத்து இருக்கு. அது எனக்குத் தெரியல. ஆனா இது வாட்டர் இல்ல!"

"தெரியலேன்னா வாயை மூடு!" என்று செம்பி சீறியது. "பிள்ளை தாகத்துல சாகுது!"

"வாடை ஒரு மாதிரியா இருக்கே" என்றது ஒரு கிழட்டு மந்தி.

"தோட்டத்துத் தண்ணி அப்படித்தான் இருக்கும்" என்றது உருமன். "படிச்ச பிள்ளைக்கே முதல் வாய்! குடிடா துடியா!"

துடியன் குடித்தது. பிறகு உருமன், செம்பி, முன்னால் நின்றவை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு குடித்தன. வாகையும் டிரம்முக்குள் கையை விட்டது. மெல்லி பாய்ந்து அந்தக் கையைக் கடித்தது.

"சனியனே!" வாகை ஓங்கி அறைந்தது. மெல்லியின் உதடு கிழிந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

அதற்குள் துடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. வாயில் நுரை தள்ளியது. அது தேயிலைப் பூச்சிக்கு அடிக்கும் விஷ மருந்து. டிரம்மில் எழுதியிருந்தது 'பாய்சன்' (POISON), இங்கிலீஷில் விஷம்.

"அம்மா, நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டது துடியன்.

செம்பி மகனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டது. "சரியாத்தான்டா சொன்ன, என் ராசா" என்றது. துடியனின் கண் நிலைகுத்தியது. சிறிது நேரத்தில் செம்பியும் அதன்மேல் சாய்ந்தது.

பொழுது சாய்வதற்குள் ஒன்பது குரங்குகள் செத்துக் கிடந்தன. உருமனும் அவற்றில் ஒன்று. மெல்லியும் வாகையும், கடைசியில் நின்றதால் குடிக்க முறை வராத ஐந்தாறும் மட்டுமே மிஞ்சின.

வாகை மகளின் உதட்டு ரத்தத்தைத் துடைத்தது. மெல்லி தேம்பித் தேம்பி அழுதது. "அந்த ஒரு எழுத்து தெரிஞ்சிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்களேம்மா!"

மெல்லிக்கு அந்த எழுத்து தெரியாமல் போனதில் தனக்கும் பங்கு உண்டு என்று வாகைக்குத் தெரியும்.

நிறத்தைப் பார்த்துச் சொல்வதைப் படிப்பு என்று மெச்சி, எழுத்துக் கூட்டித் திக்குகிற பிள்ளையைச் சிரித்து அடக்கும் கூட்டம், தன் குழியைத் தானே வெட்டிக்கொள்ளும்.