இன்னாசியின் பித்தளை வில்லை

புதிர்க் கதை என்றால் ஓர் அரசகுமாரியும் அவளைக் கேட்டு வந்த மூன்று பேரும் இருக்க வேண்டும் என்பது மரபு. இந்தக் கதையிலும் மூன்று பேர் உண்டு. அரசகுமாரிக்குப் பதில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளை வில்லை. மன்னிக்கவும், துறைமுகத்தில் கிடைத்தது அதுதான்.

கிழக்குக் கரையில் நெரிசலான துறைமுகம் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே சுற்றுலாக் கப்பல்களின் முனையத்தை, ஒரு கப்பல் நின்ற இடத்தில் மூன்று நிற்கும்படி நீட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்துவிட்டுக் கப்பல்களை அழைப்பது ஒரு முறை. அழைத்துவிட்டுக் கட்டி முடிப்பது இன்னொரு முறை. இங்கே இரண்டாவது. ஆகவே முடிந்த பகுதியில் உல்லாசக் கப்பல் நிற்க, முடியாத பகுதியின் அடியில், புதிய தூண்களுக்கிடையே, டைவர்கள் மூழ்கி வேலை செய்தார்கள்.

அவர்களுக்கு ஒரு விதி. கரையில் ஒரு பலகை. இறங்கும் டைவர் தன் பெயர் பொறித்த வில்லையை அதில் மாட்டுவார். ஏறியதும் தன் கையாலேயே எடுப்பார். ஒரு வில்லை தொங்கினாலும் பக்கத்துக் கப்பல் தன் விசிறியைச் சுழற்றக் கூடாது. சுழன்றால் கிளம்பும் நீரோட்டம் ஆளைத் தூணோடு அறைந்துவிடும். பலகைக்குப் பொறுப்பு மேற்பார்வையாளர் பியூலா. வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான்: "உன் வில்லைய உன் கை தவிர வேற கை எடுக்காது. நான் பாத்துக்கிடுதேன்."

நாளைக்கு வரும் என்றிருந்த புயல் வேகம் பிடித்து இன்றே வந்தது. பிற்பகல் இரண்டரைக்கு எட்டாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. கப்பல்கள் எல்லாம் ஆழ்கடலுக்குப் போயாக வேண்டும். ஏணிக் கம்பியைச் சுத்தியலால் தட்டி டைவர்களை அழைத்தார்கள். நான்கு பேர் ஏறி, நான்கு வில்லைகளை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது தொங்கிக்கொண்டே இருந்தது. இன்னாசியுடையது.

இன்னாசி மறதிக்காரன். இதற்கு முன் இரண்டு முறை வில்லையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறான். இன்று கைபேசி அணைந்திருந்தது. வீட்டுக்கு ஆள் போனால், கடற்கரைக் குடியிருப்பையே காலி செய்திருந்தார்கள். விசாரிக்க ஒருவரும் இல்லை.

கப்பலில் ஆயிரத்து எழுநூற்று நாற்பது பேர். இறக்கிவிடலாமே என்பீர்கள். புதிய முனையத்துக்கு இன்னும் கூரை வரவில்லை. ஊருக்குப் போகும் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது. நான்கு மணிக்குமேல் அந்த அலையில் இழுவைப் படகுகள் வேலை செய்யாது. அதன்பின் கப்பல் தளத்தில் மோதி மோதி உடைய வேண்டியதுதான்.

கப்பலை வெளியே கொண்டுபோக வந்த துறைமுக பைலட், கேப்டன் நாச்சியப்பன், மணி பார்த்தார். மூன்று பத்து.

"எப்ப இறங்கினான்?"

"ஒண்ணரைக்கு சார்," என்றாள் பியூலா.

"சிலிண்டர்ல எவ்வளவு நேரத்துக்குக் காத்து?"

"ஒரு மணி நேரம்."

"அப்ப முடிஞ்சுபோச்சேம்மா. அவன் வீட்டுல இருந்தா இந்த வில்லைக்கு அர்த்தமே இல்ல. கீழ இருந்தா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. கெட்ட மனிதர் அல்லர். "எடுத்துரு. இத்தனை உயிர் இருக்கு."

"எடுக்க மாட்டேன் சார்."

"நான் எடுக்குறேன்."

"என் கைய ஒடிச்சிட்டு எடுங்க."

அப்போது நான்கு டைவர்களில் ஒருவனான கஸ்பார் குறுக்கே வந்தான். இன்னாசியின் தங்கையைக் கட்டியவன்.

"கேப்டன் சார், புதுத் தளத்துக்கு அடியில நீங்க போனதில்ல. தண்ணி வத்தியிருந்தா, மேல சிமெண்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டடி இடைவெளி கிடக்கும். கால் மாட்டிக்கிட்டாலும் மூஞ்சிய நீட்டி மூச்சு விட்டுக்கிட்டு கிடப்பான் எங்க மச்சான்."

"இப்ப தண்ணி வத்தியா இருக்கு?"

"இல்ல சார். ஏறிக்கிட்டு இருக்கு. நாலு மணிக்கு அந்த இடைவெளி இருக்காது."

சொல்லிக்கொண்டே புதுச் சிலிண்டரை முதுகில் கட்டினான். தன் வில்லையை எடுத்து இன்னாசியுடையதன் பக்கத்தில் மாட்டினான்.

"ஒண்ண எடுக்கச் சொன்னா ரெண்டாக்குறியே!" என்று கத்தினார் கேப்டன்.

"எக்கா, நாலு மணிக்குள்ள நான் வரலேன்னா என் வில்லைய எடுத்துரு. எனக்குச் சம்மதம்."

"வாய மூடிட்டு இறங்கு. உன் வில்லைய நீயே வந்து எடு."

மூன்று ஐம்பது. கட்டுக் கயிறுகள் முனகின. கப்பலின் ஒலிபெருக்கி, மாலைத் தேநீருடன் பிளம் கேக் உண்டு என்று இன்னமும் அறிவித்துக்கொண்டிருந்தது. இழுவைப் படகிலிருந்து வயர்லெஸ் கதறியது: "சார், இன்னும் பத்து நிமிஷந்தான்!" கேப்டனின் கை பலகையை நோக்கி நீண்டது. பியூலா பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு வில்லைகளோடும் மார்போடு கட்டிக்கொண்டாள். தண்ணீரில் குமிழி எதுவும் தெரியவில்லை.

ஆயிரத்து எழுநூற்று நாற்பது பேருக்காக வில்லையை எடுக்கச் சொன்னார் கேப்டன். வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கக்கூடிய ஒருவனைத் தேடி இறங்கி, கப்பலையும் சேர்த்துத் தாமதப்படுத்தினான் கஸ்பார். உரியவனே சம்மதித்த பிறகும் வில்லையைத் தர மறுத்தாள் பியூலா. இந்த மூவரில் சரியாகச் செய்தவர் யார்? கேப்டனுக்கு இருந்த பத்து நிமிடம்தான் உங்களுக்கும்.

விடை: பெரும்பாலோர் கஸ்பார் என்பீர்கள்; துணிச்சல் எளிதில் கண்ணில் படும். கேப்டனின் தர்க்கத்தில் பிழையில்லை; காற்று சிலிண்டரில் மட்டுமே இருக்கும் என்ற தொடக்கத்தில்தான் பிழை. என் விடை பியூலா. புறப்படக் காத்திருக்கும் கப்பலின் பக்கத்தில் கஸ்பார் தயங்காமல் இறங்கியது, தானே சம்மதித்தாலும் அவள் எடுக்க மாட்டாள் என்று தெரிந்ததால்தான். மூன்று ஐம்பத்தாறுக்குக் கஸ்பார் ஏறினான். தோளில் இன்னாசி, கால் நசுங்கி, மூச்சோடு. கஸ்பார் ஈரக் கையால் இரண்டு வில்லைகளையும் பிடுங்கினான். பியூலா இன்னாசியுடையதைத் திரும்ப வாங்கிப் பலகையில் மாட்டினாள். பலகையைத் தூக்கிக்கொண்டு, அவனைக் கிடத்தியிருந்த ஸ்ட்ரெச்சர் பக்கம் ஓடி, இன்னாசியின் விரல்களுக்கு நேரே நீட்டினாள். "எடுல," என்றாள். அவன் எடுத்தான். கப்பல் விசிறி சுழன்றது.