முன் வரிசைக் கைதட்டல்

நத்தானுக்கு மேடையில் ஒரே ஒரு பயம்தான். கைதட்டல்.

கேட்டால் சிரிப்பு வரும். கைதட்டலுக்கு ஏங்குகிற கலைஞர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நத்தான் வியன்னாவில் பியானோ படித்துவிட்டு வந்தவன். அங்கே மூன்று பகுதிகள் கொண்ட ஒரு சொனாட்டாவை வாசித்தால், நடுவில் வரும் இடைவெளிகளில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் கைதட்டல். நம் ஊர்க் கச்சேரி ரசிகர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? பிடித்துவிட்டால் அந்த இடத்திலேயே தலையாட்டி, தொடையில் தட்டி, ‘பலே’ சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

திருச்சியில் அதுதான் நடந்தது. முதல் பகுதி முடிந்ததும் யாரோ ஒருவர் பலமாகக் கைதட்ட, அரங்கமே சேர்ந்துகொண்டது. நத்தானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பியானோவை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தக் கோபத்தோடேயே இரண்டாம் பகுதியைத் தொட்டான். பாதியில் எல்லாம் மறந்துபோயிற்று. எழுந்து உள்ளே போய்விட்டான்.

இப்போது சென்னையில் கச்சேரி. ஏற்பாடு செய்தவர், சின்ன வயதில் அவனுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த ஹில்டா மிஸ். அன்று மதியம் வேப்பேரியில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தான். திருச்சியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, இன்றும் அப்படி ஆனால் இனி மேடையே ஏறப்போவதில்லை என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நடுவில் கைதட்ட வேண்டாம் என்று முதலிலேயே அறிவித்துவிடச் சொன்னான். மிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அப்புறம் எல்லோரும் எப்போது தட்டலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள், உன் வாசிப்பை யார் கேட்பது என்றார்.

“அப்ப நான் என்ன பண்றது மிஸ்?”

“நீ வாசி. கைதட்டலை நான் பார்த்துக்கிறேன். முன் வரிசையிலதான் இருப்பேன்.”

நத்தானுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மிஸ் ஒரு முறை முறைத்தால் வேப்பேரியில் நாய்கூடக் குரைக்காது.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. முதல் பகுதியை நன்றாக வாசித்தான். அது அவனுக்கே தெரிந்தது. கடைசி ஸ்வரம் அடங்கியதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அமைதிக்காகக் காத்திருந்தான்.

முன் வரிசையில் படபடவென்று ஒரு கைதட்டல்.

மிஸ் யாரை முறைக்கிறார் என்று பார்க்கத் திரும்பினான். தட்டிக்கொண்டிருந்தது மிஸ்தான். மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல், முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டிக்கொண்டிருந்தார். அரங்கம் சும்மா இருக்குமா? அதுவும் சேர்ந்துகொண்டது.

நத்தான் திகைத்துப் போனான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே இரண்டாம் பகுதியைத் தொடங்கினான். மெதுவாக நகரும் பகுதி அது. அதை அவன் அவ்வளவு நிதானமாக வாசித்ததே இல்லை. முடிந்ததும் மறுபடி கைதட்டல். இந்தத் தடவை அவனே முன் வரிசையைப் பார்த்துத் தலைவணங்கினான். சந்தோஷமாக இருந்தது.

கச்சேரி முடிந்து, போர்த்திய பொன்னாடையோடு மேடைக்குப் பின்னால் மிஸ்ஸைப் பிடித்தான்.

“பார்த்துக்கிறேன்னு சொன்னீங்களே மிஸ்?”

“பார்த்துக்கிட்டேனே.”

“நடுவுல தட்டக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்.”

“ஆமா. நீ அப்படி வாசிச்சே. கை சும்மா இருக்கல.”

நத்தான் சிரித்தான். உடனே திருச்சி ஞாபகம் வந்து முகம் மாறியது. அங்கே முதலில் தட்டிய ஆளைத் தன்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை என்றான். இசை தெரியாத ஒருத்தனால் ஒரு கச்சேரியே பாழாய்ப் போயிற்று என்றான்.

மிஸ் கைப்பையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னைக்கு மட்டும் ஏன்டா உனக்கு மறக்கல?”

“தட்டினது நீங்கன்னு பார்த்துட்டேனே மிஸ்.”

“அன்னைக்கும் யாருக்கோ கை சும்மா இருக்கல. நீதான் திரும்பிப் பார்க்கல.”